கோணல் ஜடை

"எங்க எக்ஸ்பிரஸ் மாதிரி ஒரு ஆள் இனிமே இந்தக் கடைக்குக் கிடைக்கவே மாட்டா!"

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி இப்படிச் சொன்னதும் அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடை மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் பலகையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். கடை சரியான கடைதான்.

இந்தக் கடையில் வேலை பார்த்து, போன மாதம் இறந்துபோன தங்கையின் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தாள். நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய் தங்கைக்கு. மூக்கில் குழாய், தோள்பையில் ஆக்சிஜன் மெஷின். அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவாள். அவளா எக்ஸ்பிரஸ்?

"யாரைச் சொல்றீங்க? மெஷின் மாட்டிக்கிட்டு வருவாளே, அவளையா?"

"அவளேதான். ஆமை வேகத்துல நடப்பா, அதனால நாங்க வச்ச பேரு. கேட்டா அவளே விழுந்து விழுந்து சிரிப்பா, அப்புறம் இருமுவா." முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வீட்டிலேர்ந்து வரீங்களா?"

"ஆமா. அவளைப் பார்த்துக்கிட்டது நான்தான்."

"ஓ, பார்த்துக்க வந்த அம்மாவா! உக்காருங்க, உக்காருங்க."

சம்பளத்துக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. திருத்திச் சொல்ல அக்காவுக்குத் தெம்பில்லை.

விற்பனைப் பெண் உள்ளேயிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். ஒரு சால்வை, ஒரு தம்ளர், ஒரு சீப்பு.

"சீப்பா? அவளுக்கு எதுக்குச் சீப்பு?"

"நல்லா கேட்டீங்க! தலை வார வேண்டாமா?" விற்பனைப் பெண் சிரித்தாள். "மத்தியானம் கூட்டம் குறைஞ்சதும் இந்தக் கண்ணாடி முன்னாடி உக்காந்து ஜடையை அவுத்துடுவா. முழங்கையை மேஜையில ஊனிக்கிட்டு, கொஞ்சம் வாரி, மூச்சு வாங்கி, மறுபடியும் வாரி... நான் பின்னி விடறேன்னு போனா, 'கிட்ட வந்தே, கடிச்சிடுவேன்'னு மிரட்டுவா. வீட்டில கோணல்மாணலா பின்னி அனுப்பறாங்களாம்."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. கோணல்மாணலாகப் பின்னியது அவள் கைதான். 'கையைத் தூக்கவே முடியலக்கா' என்று தினமும் காலையில் தங்கை அவள் முன்னால் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாளே!

"தண்ணி?" என்றாள் அவசரமாக. "தண்ணி யாரு எடுத்துக் குடுப்பாங்க?"

"அவளேதான். எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவா."

அக்காவுக்குக் குழப்பம் தாங்கவில்லை. அப்படியானால் வீட்டில் போட்டதெல்லாம் நாடகமா? தண்ணீர் வேண்டும், பட்டன் போட்டு விடு, போர்வையை இழுத்து விடு என்று பம்பரமாகச் சுழல விட்டாளே, அத்தனையும் பொய்யா? உருகி உருகிச் செய்தவளை ஏமாளி ஆக்கிவிட்டுப் போய்விட்டாளா? செத்தவள் மேல் ஆத்திரப்படுவது பாவம் என்று தெரிந்தது. ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

"வீட்டில ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டாளே!" குரல் கிழிந்தது. "எதுக்கு அப்படி நடிச்சா? எனக்கு அது தெரியணும்."

முதலாளி விற்பனைப் பெண்ணை உள்ளே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"என்கிட்ட மட்டும்தாம்மா சொல்லியிருக்கா. வீட்டில அவ அக்கா படுத்த படுக்கையா கிடந்தாங்களாமே? புருஷன் போனதிலேர்ந்து சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை, சுவரைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்களாம். 'எனக்கு முடியலன்னு சொன்னா மட்டும்தான் சார் அக்கா எழுந்திரிக்கறா, நானே தலை வாரிக்கிட்டா அன்னிக்குப் பூரா படுத்தே கிடப்பா'ன்னு சொல்லுவா. கடைசி வரைக்கும் அவளுக்கு அந்தக் கவலைதான்." அவர் பெருமூச்சு விட்டார். "ஏம்மா, அந்த அக்காவையும் இப்ப நீங்கதான் பார்த்துக்கறீங்களா?"