முன்னறைக்காரர்

"சார், இது என் மூஞ்சி. நீங்க பழைய சுண்ணாம்பைச் சுரண்டற மாதிரி சுரண்டறீங்க!"

மேனேஜர் ரேசரும் கையுமாக நிமிர்ந்தார். முப்பத்தைந்து வருஷம் ஒரு தொழிற்சாலையையே ஆட்டிப் படைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு 'மேனேஜர்' என்றுதான் பெயர். அவர் முகத்துக்கு நேரே இப்படி யாரும் பேசியதில்லை, அதுவும் படுத்துக்கொண்டு.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட பிரசங்கம் செய்த வேலை. ஆண்டவரே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார், நாம் யாருடைய காலைத் தொட்டிருக்கிறோம் என்று ஃபாதர் கேட்டது மேனேஜருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே, கன்னியாஸ்திரீகள் நடத்தும் படுக்கை நோயாளிகள் இல்லத்தில் பெயர் கொடுத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் வருவதாக ஏற்பாடு.

"நல்ல காரியந்தாங்க," என்றாள் மனைவி. "கிளம்பறதுக்கு முன்னால, குளிச்ச துண்டைக் கட்டில்லருந்து எடுத்துக் கொஞ்சம் கொடியில போடுங்களேன்."

தொண்டு செய்யப் புறப்பட்டவர் காதில் அதெல்லாம் விழவில்லை.

இல்லத்தின் பொறுப்பாளரான சிஸ்டர், வாசலை ஒட்டிய சின்ன அறையைக் காட்டினார். ஒரே கட்டில். அதில் அவர் வயதையொத்த ஒரு மனிதர், கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"இவரைக் கவனிச்சுக்குங்க சார். உள்ளே பெரிய வார்டுக்கு அப்புறமா போகலாம்."

அந்த முன்னறைக்காரருக்கு வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. சூப் கொடுத்தால், "வாய் இங்க இருக்கு சார், அது காது" என்றார். புரட்டிப் படுக்க வைத்தால், "மூட்டை இல்லைங்க, உள்ளே எலும்பு இருக்கு" என்றார். வேலையெல்லாம் முடிந்து, இடுப்பில் கட்டிய துண்டோடு மேனேஜர் கட்டிலருகே நின்று செல்போனில் ஒரு படம் எடுத்தபோதும் சும்மா இருக்கவில்லை.

"என் தலை சரியா விழுந்திருக்கான்னு பாருங்க சார். கோயில் குரூப்ல எல்லாரும் பார்ப்பாங்க இல்ல?"

மேனேஜரின் முகம் தொங்கிப்போயிற்று.

இரண்டாவது சனிக்கிழமை பச்சைத் தண்ணீரில் துடைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். நேரே சிஸ்டரிடம் போனார்.

"சிஸ்டர், எவ்வளவு செஞ்சாலும் குத்தம் சொல்றார். நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வேற ஆளைக் குடுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க சார்," என்று சொல்லிச் சிரித்தார் சிஸ்டர்.

வீட்டுக்கு வந்தும் ஆற்றாமை அடங்கவில்லை. "எங்க தொழிற்சாலையில ஆயிரம் பேர். ஒருத்தன், ஒரே ஒருத்தன் எங்கிட்ட இப்படிக் குத்தம் சொன்னதில்ல தெரியுமா?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் கேட்டாள். "அத்தனை பேருக்கும் வலிக்கவே இல்லையாங்க, இல்ல சொல்லத்தான் பயமா?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் மேனேஜரின் சத்தம் கொஞ்சம் குறைவாகவே கேட்டது.

மூன்றாவது சனிக்கிழமை வெந்நீர் விளாவி, முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துக்கொண்டார். சூப்பை ஆற்றி, அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் கொடுத்தார். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னறைக்காரரின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நகம் வெட்டப்போறேன். வலிச்சா உடனே சொல்லிடுங்க, என்ன?"

மேலேயிருந்து சத்தமே இல்லை. பத்து விரலும் முடிந்து, வெட்டிய துணுக்குகளைக் கையாலேயே கூட்டி அள்ளியபோதுதான் குரல் வந்தது.

"இன்னைக்குத்தான் சார் கேட்டுட்டுத் தொட்டீங்க."

செல்போன் சட்டைப்பையில் இருந்த ஞாபகமே மேனேஜருக்கு வரவில்லை. வீட்டில் அன்று துண்டு தானாகக் கொடிக்குப் போயிருந்ததைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாலாவது சனிக்கிழமை, பூமாதிரி மெத்தென்ற ஒரு புதுத் துவாலையை வாங்கிக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தார்.

கட்டில் காலி. மெத்தை சுருட்டப்பட்டிருந்தது. ஜன்னல்கள் திறந்து கிடந்தன.

துவாலையை மார்போடு அணைத்துக்கொண்டு சிஸ்டரின் அறைக்கு ஓடினார். "எப்போ சிஸ்டர்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா? கடைசியா ஒரு தடவை முகத்தையாவது..." கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

சிஸ்டர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஐயையோ, உட்காருங்க சார்! அவருக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க இனிமே பெரிய வார்டுக்குப் போகலாம்னு போன வாரமே சொல்லிட்டு, சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார்."

"சைக்கிளா? புரண்டு படுக்கவே முடியாதவர் சிஸ்டர் அவர்!"

"பெரிய வார்டுல இருக்கற பன்னிரண்டு பேருக்கும் வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல வாய் வராது சார்," என்றார் சிஸ்டர். "அதனால, தொண்டு செய்யப் புதுசா வர்றவங்க கை அவர் மேல பட்டுப் பழகட்டும்னு, பதினோரு வருஷமா அந்தக் கட்டில்ல வந்து படுக்கறார், அதுதான் அவர் செய்யற தொண்டு."