பத்திரிகையில் மாமாவின் லிங்க்

இணையக் கல்யாணப் பத்திரிகையில் தன் பம்புசெட்டுக் கடையின் லிங்க்தான் முதலில் இருக்க வேண்டும் என்று தாய்மாமன் சுடலைமுத்து ஒற்றைக்காலில் நின்றார். அப்போதுதான் பத்திரிகையைத் திறக்கிறவர்கள் கண்ணில் கடை முதலில் படுமாம்.

"அடியில போட்டா என்னை எவன் தேடுவான்? சீர் ஒண்ணும் கொண்டார மாட்டேன்!"

மணப்பெண் செண்பகவல்லி பயந்துபோய் மண்டபத்தின் லிங்க்கை அடியில் தள்ளினாள்.

விருந்தாளிகளை ஏற்றிவரும் ஓட்டுநர் இல்லாத கார்கள் பத்திரிகையின் முதல் லிங்க் காட்டும் இடத்துக்குத்தான் போகும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. முகூர்த்தம் நெருங்கியபோது மண்டபத்தில் முதல்நாளே வந்துவிட்ட அவளும் ஐயரும் சமையல்காரரும்தான் இருந்தார்கள். மாமா போனில் வந்தார்.

"தாயி, மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா கடையில வந்து இறங்கிட்டாரு. மொத்தக் கூட்டமும் இங்கதான் நிக்கி."

"உடனே அனுப்புங்க மாமா!"

"பொறு தாயி. உன் மாமனாரு மோட்டார் விலை கேக்காரு."