காமாலைப் பத்தியம்

"என் கண்ணாடிய எங்கங்க வச்சீங்க? காலையிலேர்ந்து தேடுறேன்."

"கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். ஸ்க்ரூ ஆடுச்சு. நாளைக்குத் தர்றேன்."

"நல்லாயிருக்கு! கண்ணாடிக் கடைக்காரர் பொண்டாட்டிக்கு மாத்திப் போட இன்னொரு கண்ணாடி இல்லன்னா ஊரே சிரிக்கும்," என்று சொல்லிவிட்டு மனைவி வெங்காயம் நறுக்கப் போனாள்.

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். கண்ணாடி கடையில் இல்லை. அவர் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. அதில் எந்த ஸ்க்ரூவும் ஆடவில்லை. ஆடிக்கொண்டிருந்தது அவர்தான்.

காலையில், மகள் சொல்லிக் கொடுத்தபடி, முகநூலில் தன் இளவயதுப் படத்தைப் போட்டு, கல்யாணத்துக்கு முன்னால் மனநல மருத்துவமனையில் ஒரு வருஷம் இருந்த கதையை எழுதிவிட்டார். "நாலு பேர் முகத்தைக் காட்டி எழுதினாத்தான்ப்பா, மத்தவங்க கூச்சப்படாம டாக்டர்கிட்ட போவாங்க," என்று மகள் சொன்னது அவருக்கு நியாயமாகப் பட்டது. 'ஐயா, உங்க பதிவைப் பாத்துட்டு என் பையனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்' என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் மத்தியானமே பதில் போட்டிருந்தார்.

ஊருக்குச் சொல்லியாயிற்று. கட்டினவளிடம்தான் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷத்துக்கு அவளிடம் அவர் வைத்திருந்த பெயர் மஞ்சள் காமாலை. காமாலை வந்த உடம்பாயிற்றே என்று அவளும் முப்பது வருஷத்துக்கு மேலாக எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றிச் சமைக்கிறாள். ஒரு பொய் சொன்ன வாய் அன்றிலிருந்து ருசியாகச் சாப்பிட்டதே இல்லை.

அவள் முதன்முதலில் கடைக்கு வந்த நாட்களை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். ஒரே மாதத்தில் மூன்று தடவை கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "கண்ணாடி போடுறீங்களா, இல்ல கல்லால அடிக்கிறீங்களா?" என்று மூன்றாம் தடவை கேட்டே விட்டார். அவள் சிரித்த சிரிப்பில் ரசீதில் பவரைத் தப்பாக எழுதிவிட்டு, மறுநாள் அசடு வழிந்தார். அந்தச் சிரிப்பை இன்றோடு இழந்துவிடுவோமோ என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னங்க," என்று ஈரக் கையைத் துடைத்தபடி மனைவி வந்தாள். "எதிர்வீட்டு அக்கா போன் பண்ணாங்க. நீங்க என்னமோ எழுதியிருக்கீங்களாம், படிச்சிட்டு அழுதுட்டாங்களாம். எனக்குத்தான் கண்ணாடி இல்லையே, நீங்களே படிங்க."

இனித் தப்பிக்க வழியில்லை. போனை எடுத்துப் படித்தார்.

"...மறை கழன்றவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து எல்லோரிடமும் காமாலை என்றேன். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் கண்ணாடிகளைச் சரிசெய்து கொடுப்பேன். ஒரு நாள் பெண்கள் வார்டிலிருந்து, காதில் மாட்டும் கை உடைந்த கண்ணாடி ஒன்றை நர்ஸ் கொண்டுவந்தார். ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. போர்வையிலிருந்து சிவப்பு நூலை உருவிச் சுற்றிக் கொடுத்தேன். 'இப்ப எல்லாம் நல்லாத் தெரியுதுன்னு சொல்லச் சொன்னாங்க' என்றார் நர்ஸ். நானும் ஒருவருக்குப் பயன்படுவேன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. பிழைத்துக்கொண்டேன். அந்தப் பெண் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது."

போனைக் கீழே வைத்தார். "மன்னிச்சிடும்மா. உன்னை ஏமாத்திட்டேன்."

"காமாலை இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷமா எனக்குப் பத்தியச் சோறு போட்ட?"

"தெரியும்னு சொல்லியிருந்தா, எப்படித் தெரியும்னு கேட்டிருப்பீங்களே."

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கோபத்தில் துணிமணிகளை எடுத்து வைக்கிறாளோ என்று பதறினார். பைக்குள் ஒளித்து வைத்திருந்த கண்ணாடியை எடுத்து நீட்டியபடி அறை வாசல் வரை போய்விட்டார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். போனைக் குடுங்க, நானும் என் பங்குக்கு எழுதணும்," என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தவள் ஒரு பழைய கண்ணாடியைப் போட்டிருந்தாள், அதன் ஒரு கையில் வெளுத்துப்போன சிவப்பு நூல் சுற்றியிருந்தது.