மத்தி வறுவல் கூடாது!

"தனியா எந்திரிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? விழுந்தா யாரு தூக்குறது?"

லூக்கோஸுக்குப் பாதிதான் கேட்டது. கண்ணும் மங்கல், முழங்கால் மடங்கவே இல்லை. கோட்டயத்து அடுக்களையில் மத்தி வறுபடும் வாசனை மட்டும் தெளிவாக வந்தது.

"ஒரே ஒரு மத்தி..."

"முள்ளு தொண்டையில சிக்கும். பேசாம கஞ்சியைக் குடிங்க!"

லூக்கோஸுக்கு அழுகையே வந்துவிட்டது. காதுப் பஞ்சு, எண்ணெய் பூசிய கண்ணாடி, முழங்கால் கட்டு எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தார்.

நாற்பத்தெட்டு வயது அறுவை சிகிச்சை மருத்துவர் அவர். இனிமேல் முதியோர் மருத்துவம் கற்பிக்கப் போகிறவர்களுக்கான பயிற்சியில், ஒரு நாள் முதியவராக வாழ்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். மகன் வேடத்துக்கு அவருடைய அப்பாவே ஆசையாக முன்வந்தார்.

"அப்பச்சா, நான் உங்ககிட்ட இப்படியா கத்துறேன்?"

எண்பது வயது வர்க்கிச்சன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எங்கடா! வயசானவராச்சேன்னு பாதியாக் குறைச்சுக்கிட்டேன்."