இரண்டு விரல் குறைச்சல்

"மூச்சை உள்ள இழு, பனை! இன்னும் கொஞ்சம்... இன்னும்..."

கடுகு தன் பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினாள். விண்வெளி நிலையத்தில் யாரையாவது தள்ளினால் தள்ளியவருக்கும் அதே கதிதான். பனை மேலே போய்க் கூரையில் முட்டினான். அவள் எதிர்ப்பக்கம் பறந்து சுவரில் மோதித் திரும்பி வந்தாள்.

பனை என்பது அவன் உயரத்துக்குக் கிடைத்த பட்டப்பெயர். இன்று கேப்டனோடு நிலையத்துக்கு வெளியே போய், பழுதான பம்பை மாற்றப் போகிறவன் அவன்தான். கடுகின் வேலை, இரண்டு பேருக்கும் விண்வெளி உடுப்பு மாட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மைக்கில் வாசிப்பது.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாதாம். காரம் இருந்து என்ன பிரயோஜனம்? பூமியில், பெரிய நீச்சல் குளத்தில் தண்ணீருக்கடியில் நடந்த பயிற்சியில் அவள்தான் முதல். கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தப் பம்பைக் கழற்றி மாட்டுவாள். ஆனால் அளவெடுத்த அன்று, இருப்பதிலேயே சின்ன உடுப்புக்கும் இரண்டு விரல் குறைச்சல். "ரெண்டு விரல் வளர்ந்துட்டு வாம்மா, பார்க்கலாம்" என்று அளவெடுத்தவர் சிரித்தார். அவள் வீட்டுக்குப் போய்த் தலையணை நனைய அழுதாள்.

"பூட்ட மாட்டேங்குதே" என்றாள் இப்போது. பனையின் உடுப்பில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடுப்பு வளையம், நாலு விரல் இடைவெளி விட்டு இளித்துக்கொண்டிருந்தது. "நேத்து என்னத்தைத் தின்னே?"

"சாப்பாடு இல்ல கடுகு. இங்க வந்ததுலேர்ந்து என் துணியெல்லாம் சுருங்குது. சட்டைகூடத் தொப்புளைத் தாண்டி ஏறிட்டிருக்கு."

"இங்கதான் துணியே துவைக்கிறதில்லையே. துவைக்காத துணி எப்படிடா சுருங்கும்?"

உடுப்புக்குள் புகுந்து, ஹெல்மெட்டும் கையுறையும் மட்டும் பாக்கியாகக் காத்திருந்த கேப்டனுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னப்பா, இன்னுமா அலங்காரம் முடியல? காலையிலேர்ந்து சுத்தமான ஆக்சிஜன் பிடிச்சு, ரத்தத்துல இருக்கிற நைட்ரஜனை எல்லாம் வெளியேத்தி வச்சிருக்கோம். இல்லேன்னா வெளியே போனதும் ரத்தம் சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைச்சிடும். அதெல்லாம் வீணா?"

பனை தலையைக் குனிந்துகொண்டான். "கேப்டன், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். கீழ அளவெடுத்தப்போ நான் கொஞ்சம் கூனி நின்னேன். நேரா நின்னா அளவுக்கு மேல வந்திருக்கும். அனுப்பியிருக்கவே மாட்டாங்க."

"அடப்பாவி! இங்க வந்தா முதுகெலும்பு நீளும்னு உனக்குத் தெரியாதா? அமுக்கிப் பிடிக்கப் பூமி இல்ல, எல்லாரும்தான் வளருவோம். அதுக்குன்னுதானே உடுப்புல இடம் விட்டிருக்காங்க. அந்த இடத்தை நீ தரையிலேயே முழுங்கிட்டியே!"

பனை ஆமையாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அப்போதும் வளையம் பூட்டவில்லை.

"தள்ளிப்போட வேண்டியதுதான்" என்று கேப்டன் பெருமூச்சு விட்டார்.

"கேப்டன்" என்றாள் கடுகு மெதுவாக. "எல்லாரும் வளருவோம்னு சொன்னீங்களே..."

தினமும் காலையில் எழுந்ததும் அவள் சுவரோடு முதுகை ஒட்டி நிற்பதை இருவரும் பார்த்திருக்கிறார்கள். கேட்டால், முதுகு அரிக்கிறது என்பாள். இப்போது அந்தச் சுவரைக் கைகாட்டினாள். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பென்சில் கோடுகள். முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் கேப்டன் விரலை வைத்துப் பார்த்தார். சரியாக இரண்டு விரல்.

கீழே தரைக் கட்டுப்பாட்டு அறையில் கொஞ்ச நேரம் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு, "போட்டுப் பாருங்க" என்று பதில் வந்தது. சேமிப்பில் கிடந்த சின்ன உடுப்பை எடுத்து மாட்டினார்கள். இடுப்பு வளையம் ஒரே தள்ளலில் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. கடுகுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கையுறை?" கேப்டன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது அவங்கவங்க கைக்குன்னே செய்யறதாச்சே!"

"என் பையில இருக்கு கேப்டன். பயிற்சிக்குச் செஞ்ச ஜோடி. வீட்டு ஞாபகத்துக்கு எதையாவது எடுத்துட்டுப் போகலாம்னு சொன்னாங்க, நான் இதை எடுத்துட்டு வந்தேன்."

"ஆக்சிஜன்? நீ மணிக்கணக்கா பிடிக்கணுமே!"

"உங்களோடயே காலையிலேர்ந்து பிடிச்சாச்சு. சும்மா துணைக்கு."

"வெளியே போனா ஆறேழு மணி நேரம் ஆகும். டயப்பர்..."

"விடிஞ்சதுமே கட்டியாச்சு."

பனை வாயைப் பிளந்தான். "அடிப்பாவி! எனக்கு மாட்டாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கடுகு ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தாள்.

"அளவெடுத்த வரிசையில உனக்குப் பின்னாடி நின்னது யாருன்னு நினைச்சே?"