இரண்டாவது இழுப்பு

டிக்கோயா தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசையில் அம்மாக்கண்ணு வீட்டின் முன்கதவும் பின்கதவும் விரியத் திறந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பலகை போட்டு உட்கார்ந்து அவள் சுருட்டுச் சுற்றுகிறாள். புகையிலை நெடி மூக்கில் ஏறுமுன் காற்று அதைத் தேயிலை மலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. மலை யாத்திரை சீசனுக்கு நல்லதண்ணி அடிவாரத்தில் போடும் கடைக்குச் சரக்குத் தேடி அட்டனிலிருந்து வந்திருக்கும் சண்முகராஜா முதலாளி, கம்பளிக் கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொள்கிறார். “கதவைச் சாத்தும்மா. பனி ஏறுனா இலையில பூசணம் பிடிச்சிரும்.” “சாத்துனாத்தாங்க மொதலாளி பிடிக்கும். இலைக்குக் காத்து வேணும். குளிரு ஒங்களுக்குத்தான்.” அவர் வாங்கினால் சீசன் முழுக்க அவளுக்குக் கை ஓயாது; வேண்டாமென்றால் சுற்றியதெல்லாம் லயத்துக் கிழவர்களின் ஓசிப் புகைதான். முனை கிள்ளி ஒன்றை நீட்டுகிறாள். வாங்க வந்தவன் ஒரே இழுப்பு இழுத்து, முகம் சுளித்து, அணைத்துப் போட்டுவிட்டுத்தான் விலை பேசுவது பஜார் வழக்கம். முதலாளி பற்றவைத்து இழுக்கிறார், முறைப்படி முகத்தையும் சுளிக்கிறார். “காரம் பத்தல.” நீலப் புகை பின்கதவு வழியே நேராக வெளியேறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அணைக்க வேண்டிய கை மறுபடியும் வாய்க்கே போகிறது. அம்மாக்கண்ணு நிமிரவில்லை. அடுத்த இலையை விரித்தபடியே கேட்கிறாள்: “எத்தன கட்டு போடட்டுங்க?”