நறுமுகை கொண்டுவந்த குளிர்

மலைமேல் உருகாமல் மிச்சமிருந்த கடைசிப் பனியாற்றைப் பார்க்க, வருடக்கணக்கில் காத்திருந்த பிறகு வாசுகி குடும்பத்துக்கு ஒருநாள் அனுமதி கிடைத்தது. விடிவதற்குள் எழுந்து புளியோதரை கிளறியதும், மூன்று பேருக்கும் கம்பளி தேடி எடுத்ததும் அவள்தான்.

பனியாற்றுக்குப் போகும் வாசலில் ஒவ்வொருவரின் உடல்சூட்டையும் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். சூடான உடம்பு நெருங்கினால் பனி கரையுமாம். கணவனும் மகள் நறுமுகையும் தாண்டிப் போனார்கள். வாசுகிக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. மாதவிலக்கு நிற்கிற வயது. நினைத்த நேரத்துக்குக் கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறிவிடும். உட்கார்ந்து ஆறிவிட்டு வந்தும் பார்த்தாள். திறக்கவில்லை.

“நீ வண்டியிலயே இரு. நாங்க சட்டுனு பாத்துட்டு வந்துடறோம்,” என்றான் கணவன்.

“சரி, போங்க.” சண்டை போடவும் தெம்பில்லை.

சாயங்காலம் நறுமுகை ஓடிவந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அம்மாவின் கன்னங்களில் வைத்து அழுத்தினாள்.

“தொடக் கூடாதுன்னாங்கம்மா. உனக்காகத் தொட்டுட்டு அப்படியே ஓடி வந்தேன். ஜில்லுன்னு இருக்கா?”

ஓடி வந்ததில் அந்தக் கைகள் வியர்த்து வெதுவெதுவென்று இருந்தன.

வாசுகி கண்ணை மூடிக்கொண்டாள். “இருக்குடி. கொஞ்ச நேரம் எடுக்காத.”